குதிரைக்கு இரண்டு பாய்ச்சல் கொடுத்தால்

செஸ் பழகும் பிள்ளைகள் ஒரு கட்டத்தில் கட்டாயம் கேட்பார்கள்: "ஏன் குதிரை ஒருக்கால்தான் பாய வேணும்? ரெண்டு தரம் பாய்ஞ்சால் என்ன?" கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுப்பவர்கள் அதைக் குறும்பென்று ஒதுக்கக் கூடாது. மிக நல்ல கேள்வி அது. தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பலகையை விரித்து ஆறுதலாகப் பார்ப்போம்.

வெள்ளை தொடங்குகிறது. பி1 கட்டத்துக் குதிரை சி3க்குப் பாய்ந்து, அதே தரத்தில் டி5க்கும் பாய்கிறது. அடுத்த தரம் அது சி7இல் நிற்கும் காலாளை வெட்டி, அங்கிருந்து இ8க்குப் பாய்ந்தால் கறுப்பு ராசாவே போய்விடும். ராசாவைச் சுற்றி எல்லாம் அவருடைய ஆட்கள், நகர இடமில்லை. கறுப்புக்கு மிஞ்சுவது ஒரே வழிதான்: ஜி8 குதிரை எஃப்6 வழியாக வந்து டி5 குதிரையை வெட்ட வேண்டும். வேறு எதை ஆடினாலும் இரண்டாவது தரத்தோடு ஆட்டம் முடிந்தது.

பிள்ளையின் யோசனை தோற்றுவிட்டதா? இல்லை, பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. இரண்டாவது பாய்ச்சலில் வெட்ட முடியாது என்று சேர்ப்போம். ராசா தப்பிவிட்டார். ஆனால் குதிரை இப்போது முதற் பாய்ச்சலில் வெட்டிவிட்டு இரண்டாவதில் ஓடித் தப்பும். எனவே இன்னொன்றும் சேர்ப்போம்: ஒவ்வொரு குதிரைக்கும் இந்தச் சலுகை ஆட்டத்தில் ஒரே ஒரு தடவைதான். இப்போது அதை எப்போது செலவழிப்பது என்று இரு பக்கமும் மண்டையை உடைக்க வேண்டும். விளையாட்டு அங்கேதான் பிறக்கிறது. எந்தச் சக்தியைக் கொடுத்தாலும் அதற்கொரு விலை வைக்க வேண்டும். எதிராளிக்கு ஒரு மறுமொழியும் வைக்க வேண்டும்.

இதைப் பழைய இந்தியச் சதுரங்கம் அழகாகச் செய்து காட்டியிருக்கிறது. அந்த முறையில் கோட்டை கட்டுதல் இல்லை. பதிலாக, ராசா ஆட்டத்தில் ஒரு தடவை குதிரைபோலப் பாயலாம். ஆனால் அதற்கு முன்பு அவருக்கு ஒரு செக் விழுந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும் என்பது பல இடங்களில் வழக்கம். எதிராளி சும்மா ஒரு செக் சொன்னாலும் அதில் காரணம் இருக்கும்: அவர் பறிப்பது அந்தப் பாய்ச்சலை. சக்தி, விலை, மறுமொழி மூன்றும் ஒரே விதிக்குள் அடங்கிவிட்டன.

இன்றைய ராணியும் இப்படி ஒருவர் துணிந்து மாற்றியதால் வந்தவர்தான். அரபு, பாரசீக ஆட்டத்தில் அந்த இடத்தில் நின்ற மந்திரி மூலைவாக்கில் ஒரே ஒரு கட்டம்தான் நகர்வார். 15ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், ஸ்பெயினின் வலென்சியாப் பக்கத்தில், அந்தக் காய்க்கு எல்லாத் திசையிலும் ஓடும் பலம் வந்தது. மெல்ல ஊர்ந்த ஆட்டம் வேகம் பிடித்தது. நாம் மாறாதவை என்று நினைக்கும் விதிகளும் ஒரு காலத்தில் புது விதிகளே.

இரண்டு பக்கமும் ஒரே பலத்தோடு நிற்க வேண்டும் என்றும் இல்லை. ஆடுபுலி ஆட்டத்தைப் பாருங்கள். மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். புலி தாண்டி வெட்டும். ஆட்டுக்கு வெட்டவே தெரியாது. ஆனால் ஆடுகள் கூடி நின்று புலியை அசையவிடாமல் மறித்தால் வெற்றி அவற்றுக்கு. சிங்களக் கிராமங்களின் 'ஹத் திவியன் கெலிய'வில் ஒரு புலியை ஏழு சிறுத்தைகள் மறிக்கும். ஒரு பக்கத்துக்குப் பலம், மறுபக்கத்துக்குத் தொகை. கரிக்கட்டியால் நிலத்தில் கீறி விளையாடும் இந்த ஆட்டங்கள் விதி உருவாக்குவோருக்கு நல்ல பாடப்புத்தகம்.

சேர்ப்பது மட்டுமல்ல, எடுப்பதும் ஒரு வழி. முன்னாள் உலகச் சாம்பியன் கிராம்னிக் கோட்டை கட்டுவதை நீக்கிப் பார்க்கச் சொன்னார். டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஸீரோ என்ற கணினி நிரல் அந்த முறையையும் வேறு எட்டு முறைகளையும் தனக்குத்தானே ஆடிப் பழகியது. 2020இல் முடிவுகள் வெளிவந்தன. 2021 ஜூலையில் ஜேர்மனியின் டோர்ட்முண்டில் நம் விஸ்வநாதன் ஆனந்தும் கிராம்னிக்கும் கோட்டை கட்டாமல் நான்கு ஆட்டங்கள் ஆடினார்கள். ஆனந்த் 2.5–1.5 என்று வென்றார். ஒரே ஒரு விதி போனதும் ராசாவின் பாதுகாப்பைப் பற்றி அந்த இருவரும் புதிதாக யோசிக்க வேண்டியிருந்தது.

எச்சரிக்கையாக இன்னொரு கதை. வெட்டக் கிடைத்தால் வெட்டியே ஆக வேண்டும், எல்லாக் காய்களையும் முதலில் இழப்பவருக்கே வெற்றி என்றொரு தலைகீழ்ச் செஸ் உண்டு. பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். 2016இல் மார்க் வாட்கின்ஸ் என்பவர் கணினியின் துணையோடு, வெள்ளை தன் காலாளை இ3க்கு நகர்த்தித் தொடங்கினால் எப்படியும் வெல்லலாம் என்று நிறுவினார். முதலில் ஆடுபவருக்கு ஒரு விதி எவ்வளவு சாதகம் என்பது பார்வைக்குத் தெரியாது. ஆடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எனவே பிள்ளைகள் புது விதி கொண்டுவந்தால் அதைக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். காய்க்கு என்ன சக்தி, எத்தனை தடவை, அதற்கு எதை இழக்க வேண்டும், எதிராளி எப்படித் தடுக்கலாம் என்று நாலு வரி போதும். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று இரணைமடுக் குளத்து விவசாயிகள் தண்ணீர் திறக்க முதலே கூட்டம் வைத்து முடிவெடுப்பதுபோல, காய் அசைய முன்பே இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். நடுவில் மாற்றக் கூடாது. பிறகு நிறத்தை மாற்றி இரண்டு தரம் ஆடட்டும். இரண்டு தரமும் வெள்ளையே இலேசாக வென்றால் விதியைத் திருத்தட்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

இதற்குக் கணினியும் வேண்டாம், பயிற்சிக் கட்டணமும் வேண்டாம். ஒரு பலகையும் ஒரு கொப்பியும் இருந்தால் வன்னியின் எந்தப் பள்ளிக்கூட விறாந்தையிலும் செய்யலாம். தான் எழுதிய விதி தன்னையே தோற்கடிப்பதைப் பார்த்து, அழிரப்பரை எடுத்துத் திருத்தும் பிள்ளை, நியாயமான விதி எப்படி உருவாகிறது என்பதைக் கையால் செய்தே படித்துவிடுகிறது.