பன்னிரண்டு மாத உழைப்பு, பதின்மூன்று மாதச் சம்பளம்: பிரேசிலில் ஆள் எடுக்கும் அயல்நாட்டு நிறுவனங்கள்

பிரேசிலில் ஊழியர் ஒருவருக்கு மாதச் சம்பளம் 6,000 ரெயால் என்று பேசி முடிக்கும் அயல்நாட்டு நிறுவனம், அவருக்காக ஆண்டுக்கு 72,000 ரெயால் ஒதுக்கினால் போதும் என்று எண்ணுமானால், அந்தக் கணக்கு முதல் டிசம்பருக்குள்ளேயே பொய்த்துவிடும். பேசிய சம்பளத்துக்கு மேலும் பல கடமைகளை அந்நாட்டுச் சட்டம் முதலாளியின் மீது சுமத்தியிருக்கிறது. இரு தரப்பும் மனமொப்பிக் கையெழுத்திட்டாலும் அவற்றில் பெரும்பாலானவற்றைத் தள்ளிவைக்க முடியாது.

இந்தச் சட்டங்களின் அடித்தளம், ஜெட்டூலியோ வர்காஸ் ஆட்சியில் 1943 மே 1 அன்று பிறப்பிக்கப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்பு. சி.எல்.டி. என்ற சுருக்கப் பெயரால் நாடெங்கும் அறியப்படும் அத்தொகுப்பு 2017இல் கணிசமாகத் திருத்தப்பட்டது. ஆயினும் பதின்மூன்றாம் சம்பளம், ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுப்பு, வாரத்துக்கு 44 மணி நேர வேலை வரம்பு, மிகைநேர வேலைக்குக் குறைந்தது 50 விழுக்காடு கூடுதல் கூலி ஆகியவை 1988ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 7ஆம் பிரிவிலேயே எழுதப்பட்டிருப்பதால், அவை தனிப்பட்ட பேரத்துக்கு எட்டாத உயரத்தில் இருக்கின்றன.

பதின்மூன்றாம் சம்பளம் 1962இல் ஜுவாவ் கொலார்ட் அதிபராக இருந்தபோது சட்டமாயிற்று. ஒரு மாதச் சம்பளத்துக்கு ஈடான அத்தொகையின் முதல் தவணை நவம்பர் 30க்குள்ளும் இரண்டாம் தவணை டிசம்பர் 20க்குள்ளும் ஊழியரின் கைக்குச் சேர வேண்டும். இந்தியாவில் சட்டப்படியான போனஸ் குறிப்பிட்ட சம்பள வரம்புக்கு உட்பட்டவர்களுக்கு மட்டுமே உரியது. பிரேசிலின் பதின்மூன்றாம் சம்பளத்துக்கோ அப்படி ஒரு வரம்பு இல்லை, நிறுவனத்தின் லாப நட்டத்தோடும் அதற்குத் தொடர்பில்லை. ஆண்டின் இடையில் சேர்ந்தவருக்கு வேலை செய்த மாதங்களின் விகிதத்தில் தொகை கணக்கிடப்படுகிறது. ஒரு மாதத்தில் 15 நாள் வேலை பார்த்திருந்தால் அது முழு மாதமாகவே கொள்ளப்படும்.

வெளியிலிருந்து வருபவர்கள் மிகுதியும் தடுமாறுவது விடுப்பு விதிகளில்தான். பன்னிரண்டு மாதம் வேலை செய்து முடித்த ஊழியருக்கு 30 நாள் விடுப்பு உரிமையாகிறது. அடுத்த பன்னிரண்டு மாதங்களுக்குள் அதை முதலாளி கொடுத்தாக வேண்டும். எப்போது கொடுப்பது என்று தீர்மானிப்பது முதலாளியே என்றாலும், 30 நாள் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். விடுப்புக் காலச் சம்பளத்துடன் அதன் மூன்றில் ஒரு பங்கையும் கூடுதலாகச் சேர்த்து, விடுப்பு தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பே கொடுத்துவிட வேண்டும் என்பதால், ஓய்வுக்குச் செல்பவர் வழக்கத்தைவிடப் பெருத்த பணப்பையோடு செல்கிறார். ஊழியர் இசைந்தால் விடுப்பை மூன்று பகுதிகளாகப் பிரிக்கலாம். அவற்றில் ஒன்று 14 நாளுக்கும் மற்றவை ஐந்து நாளுக்கும் குறையக் கூடாது. பொது விடுமுறைக்கோ வார ஓய்வுக்கோ முந்தைய இரண்டு நாட்களில் விடுப்பைத் தொடங்கவைத்து ஓய்வு நாட்களை விழுங்கிக்கொள்ளும் தந்திரத்துக்கும் 2017இன் திருத்தம் தடைபோட்டது. விடுப்பில் மூன்றில் ஒரு பகுதியை ஊழியர் விரும்பினால் பணமாக மாற்றிக்கொள்ளலாம். எஞ்சியதை அவர் அனுபவித்தே ஆக வேண்டும். உரிய காலத்துக்குள் விடுப்பு தரப்படாவிட்டால் முதலாளி இரட்டிப்பு ஊதியம் கொடுக்க நேரும். எடுக்காத விடுப்பைச் சேர்த்துவைத்துப் பின்னாளில் காசாக்கும் இந்திய அலுவலக வழக்கத்தை அப்படியே அங்கே கொண்டுசெல்லும் மனிதவளத் துறையினர் இந்த இடத்தில்தான் அபராதத்தில் சிக்குகிறார்கள்.

அடுத்த கடமை, 1966இல் உருவான எஃப்.ஜி.டி.எஸ். என்னும் பணிக்கால உத்தரவாத நிதி. இந்திய வருங்கால வைப்பு நிதியில் தொழிலாளியின் சம்பளத்திலிருந்தும் பிடித்தம் உண்டு. பிரேசிலிலோ சம்பளத்தின் 8 விழுக்காட்டை முதலாளியே முழுவதுமாக, தொழிலாளியின் பெயரிலுள்ள கணக்கில் மாதந்தோறும் செலுத்த வேண்டும். இது தவிர, சமூகப் பாதுகாப்புக்கென வழக்கமான வீதத்தில் 20 விழுக்காடு முதலாளியின் பங்காகும். ஆக, 6,000 ரெயால் சம்பளக்காரருக்குப் பன்னிரண்டு மாதத்துக்கு 72,000, பதின்மூன்றாம் சம்பளம் 6,000, விடுப்புக் கூடுதல் 2,000 என்று 80,000 ரெயாலாகிறது; அதன்மேல் நிதிக்கு 6,400, சமூகப் பாதுகாப்புக்கு 16,000 சேர்ந்து ஆண்டுச் செலவு 1,02,400 ரெயாலை எட்டுகிறது. விபத்துக் காப்பீடு போன்ற சில்லறைப் பங்களிப்புகளும் தொழிற்சங்கத்துடனான கூட்டு ஒப்பந்தம் விதிக்கும் சலுகைகளும் இதில் சேரவில்லை.

தக்க காரணமின்றி வேலையிலிருந்து நீக்குவதும் செலவுள்ள காரியமே. முன்னறிவிப்புக் காலம் 30 நாள். ஓராண்டுப் பணிக்கு மூன்று நாள் வீதம் அது 90 நாள் வரை நீளும். அதோடு, நிதிக் கணக்கில் முதலாளி அதுவரை செலுத்திய மொத்தத் தொகையில் 40 விழுக்காட்டை ஊழியருக்கு இழப்பீடாகத் தர வேண்டும். எல்லாப் பாக்கிகளையும் பணி முடிந்த பத்து நாளுக்குள் தீர்க்காவிட்டால் ஒரு மாதச் சம்பளம் அபராதம். கருவுற்ற ஊழியரை, கர்ப்பம் உறுதியான நாளிலிருந்து பிரசவத்துக்குப் பிந்தைய ஐந்தாம் மாதம் வரை காரணமின்றி நீக்கவே முடியாது. மகப்பேறு விடுப்பு 120 நாள். அதன் ஊதியச் சுமை இறுதியில் சமூகப் பாதுகாப்பு நிதியைச் சேர்கிறது. நோய் விடுப்பில் முதல் 15 நாள் மட்டுமே முதலாளியின் பொறுப்பு.

இத்தனை சுமையையும் தவிர்க்கப் பல நிறுவனங்கள் நாடும் குறுக்குவழி, வேலைக்கு வருபவரையே ஒரு தனிநபர் நிறுவனமாகப் பதிவு செய்யவைத்து, மாதம்தோறும் அவரிடம் பில் வாங்கிக்கொண்டு பணம் கொடுப்பது. பார்வைக்கு இது இரு நிறுவனங்களுக்கு இடையிலான வணிக ஒப்பந்தம். ஆனால், பிரேசிலின் தொழிலாளர் நீதிமன்றங்கள் காகிதத்தைவிட உண்மை நிலைக்கே முதன்மை தருகின்றன. ஒருவர் தாமே நேரில், தொடர்ச்சியாக, பிறரின் கட்டளைக்கு உட்பட்டு, கூலிக்கு உழைக்கிறார் என்றால், ஒப்பந்தத்தின் தலைப்பு எதுவாயினும் சட்டம் அவரை ஊழியராகவே பார்க்கிறது. இவ்வகை ஒப்பந்தங்களின் செல்லுபடி குறித்த வழக்குகளை நாடு முழுவதும் நிறுத்திவைக்குமாறு உச்ச நீதிமன்ற நீதிபதி ஜில்மர் மென்டெஸ் 2025 ஏப்ரலில் உத்தரவிட்டதே, இச்சிக்கல் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதற்குச் சான்று.

நேரான வழிகள் இரண்டு. ஒன்று, பிரேசிலிலேயே துணை நிறுவனம் தொடங்குவது. பத்துப் பேருக்குக் குறைவாக எடுப்பவர்களுக்கு இது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. மற்றொன்று, அங்கே பதிவுபெற்ற இடைநிலை நிறுவனம் ஒன்று சட்டப்படியான முதலாளியாக இருந்து சம்பளப் பட்டியலையும் பங்களிப்புகளையும் கவனிக்க, அயல்நாட்டு நிறுவனம் வேலையை மட்டும் வாங்கிக்கொள்வது. பணியாளர் சேர்க்கையை வேலை தொடங்கும் நாளுக்கு முந்தைய நாளுக்குள் அரசின் மின்னணுப் பதிவேட்டில் ஏற்றுவதும், அடுத்த மாதத்தின் ஐந்தாம் வேலை நாளுக்குள் உள்ளூர் நாணயத்தில் சம்பளம் கொடுப்பதும் அந்த இடைநிலை நிறுவனத்தின் வேலை. ஆனால், அது பணத்தைக் கட்டாமல் விட்டுவிட்டால், உழைப்பின் பயனைப் பெற்ற நிறுவனத்திடம் தொழிலாளி பாக்கியைக் கோர முடியும். ஆகவே செலுத்திய ரசீதுகளை மாதந்தோறும் கேட்டு வாங்கிப் பல ஆண்டுகள் காப்பது நல்லது: வேலையை விட்டு விலகியவர் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம், தொடுத்த நாளிலிருந்து பின்னோக்கி ஐந்து ஆண்டுகளின் பாக்கியை அவர் கோரலாம்.