விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டார்களா? பில்லில் அச்சடித்த வரி செல்லாது!

பில்லின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். “விற்ற பொருள் திரும்ப எடுக்கப்பட மாட்டாது.”

தி.நகர் ரங்கநாதன் தெருவில் செருப்பு வாங்கினாலும் சரி, ரிச்சி தெருவில் சார்ஜர் வாங்கினாலும் சரி, பல கடைகளின் பில்லில் இந்த வரியைப் பார்க்கலாம்.

நாலாம் நாளே செருப்பின் வார் அறுந்து விடும். ஒரே வாரத்தில் சார்ஜர் மண்டையைப் போட்டு விடும். தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினால், கடைக்காரர் பில்லைக் காட்டுவார்.

“கீழே என்ன போட்டிருக்கு, படிச்சுப் பாருங்க சார்!”

வாங்கியவர் வாயடைத்துப் போகிறார். அச்சில் இருப்பதெல்லாம் சட்டம் என்று நம்பி, ‘போன காசு போகட்டும்’ என்று பஸ் ஏறி விடுகிறார்.

ஆனால் அது சட்டம் அல்ல. பழுதான பொருள் விஷயத்தில் அந்த வரி செல்லவே செல்லாது!

30 நாள் கெடு

1986-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துக்குப் பதிலாக 2019-ல் புதிய சட்டம் கொண்டு வரப்பட்டது. 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது.

பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக் கொண்டு பணத்தைக் கொடுக்க மறுப்பது முறையற்ற வணிகம் என்கிறது இந்தச் சட்டம். பில்லில் கெடு போட்டிருந்தால் அந்தக் கெடுவுக்குள் பணம் தர வேண்டும். கெடு இல்லாவிட்டால் 30 நாளுக்குள் தர வேண்டும்.

பில் கொடுக்காமல் இருப்பதும் இதே பட்டியலில்தான் வருகிறது.

கடைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ‘கலர் பிடிக்கவில்லை, வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்’ என்று நல்ல பொருளைத் திருப்பிக் கொடுக்க இந்தப் பிரிவு வழி செய்யவில்லை. பொருளில் குறை இருக்க வேண்டும்.

“நாங்க வித்தோம், அவ்வளவுதான். கம்பெனியைப் போய்க் கேளுங்க” என்று கையை விரித்தால்? கடைக்காரர், கம்பெனி இருவரையும் சேர்த்தே புகாரில் எதிர்க்கட்சி ஆக்கலாம்.

முதலில் போன்

எடுத்த எடுப்பில் வழக்குக்குப் போக வேண்டியதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம். புகாரை சம்பந்தப்பட்ட கம்பெனிக்கு அனுப்பி சமரசம் செய்ய முயல்வார்கள். ஆனால் தீர்ப்பு சொல்லும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது.

அதிலும் முடியாவிட்டால், நடந்ததை எழுதி, பில் நகலுடன் கடைக்கு ஒரு நோட்டீசு அனுப்புவது நல்லது. அனுப்பிய தபால் ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். பின்னால் அதுவே சாட்சி!

வக்கீல் தேவையா?

அடுத்த படி, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலோ, வேலை பார்க்கும் மாவட்டத்திலோ புகார் கொடுக்கலாம். தாம்பரத்தில் இருப்பவர் வெளியூர் கம்பெனியிடம் ஏமாந்தால், அந்த ஊருக்கு அலைய வேண்டாம்.

வக்கீல் வைக்கலாம். வைக்காமல் தானே வாதாடவும் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகார் கட்டணம் ஒரு பைசா கூட இல்லை. 50 லட்சம் ரூபாய் வரை உள்ளவற்றை மாவட்ட ஆணையமே விசாரிக்கும்.

பொருளைச் சரி செய்து கொடு, மாற்றிக் கொடு, பணத்தைத் திருப்பிக் கொடு, நஷ்ட ஈடு கொடு என்று உத்தரவு போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. உத்தரவை மதிக்காவிட்டால் 3 ஆண்டு வரை ஜெயில், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

3 மாதத்தில் தீர்ப்பு?

எதிர்க்கட்சிக்கு நோட்டீசு கிடைத்த 3 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். பொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப நேர்ந்தால் 5 மாதம். நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா விழுந்து வருடக்கணக்கில் இழுப்பதும் உண்டு. அதனால் 1915-லேயே முடிந்தால் இரு தரப்புக்கும் லாபம்.

இன்னொரு விஷயம். குறை ஏற்பட்ட 2 ஆண்டுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். தாமதமானால் தக்க காரணம் காட்ட வேண்டி வரும்.

மறு விற்பனைக்குச் சரக்கு எடுக்கும் வியாபாரி இந்தச் சட்டத்தில் நுகர்வோர் ஆக மாட்டார். ஆனால் சொந்தப் பிழைப்புக்காக ஒரு தையல் மிஷின் வாங்கி ஓட்டுகிறவர் நுகர்வோர்தான். அவரும் புகார் கொடுக்கலாம்.

எழுத்து மறையும் பில்!

இத்தனைக்கும் முதல் ஆதாரம் பில். “பில் போட்டா வரி சேரும், வேணாம் சார்” என்ற பேச்சில் மயங்கி நாலு காசு மிச்சம் பிடித்தால், கையில் இருக்கும் ஆயுதத்தைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்ததாக அர்த்தம்.

மிஷினில் இருந்து வழுவழுவென்று வரும் பில்லில் இன்னொரு ஆபத்து. சில மாதங்களில் எழுத்து மங்கி வெறும் தாளாகி விடும். அன்றைக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்து, வாரண்டி கார்டுடன் சேர்த்து வைப்பது நல்லது. செல்போனில் ஒரு படம் பிடித்து வைத்தாலும் போதும். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது!