ஆறிய மக்கறோனிக்கு ஒரு கொத்து

கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில் இரவு ஏழு மணிக்கு மேல் நடந்தால், கொத்து ரொட்டி போடும் தகட்டின் ஓசை காதை நிறைக்கும். அந்தத் தகட்டில் விழும் ரொட்டி அப்போது சுட்டதல்ல. முன்கூட்டியே வீசிச் சுட்டு, அடுக்கி, ஆறவிட்டு வெட்டியது. சுடச்சுடக் கொத்தினால் களியாகிவிடும். மிஞ்சிய இடியப்பத்தை உதிர்த்துக் கொத்துப் போடும் நம் வீட்டுப் பெண்களுக்கும் இது தெரியும். பிள்ளைகள் மிச்சம் வைத்த மக்கறோனியை மட்டும் ஏனோ குப்பையில் கொட்டிவிடுகிறோம். எனக்கு அது மனம் பொறுக்காத காரியம்.

அவித்த பாஸ்தாவின் மாச்சத்து சூட்டில் நீரை உறிஞ்சி ஊதும். ஆறியதும் அந்த மாச்சத்து மறுபடி நெருங்கி இறுகும். பிரிஜ்ஜில் ஓர் இரவு இருந்த மக்கறோனி விறைப்பாக இருப்பது அதனால்தான். தனியே தின்றால் சப்பென்றிருக்கும்; கொத்துக்கோ அந்த விறைப்புத்தான் வேண்டும். தட்டகப்பை பட்டாலும் குழையாது.

இரண்டு கோப்பை பாஸ்தா இரண்டு பேருக்குப் போதும். ஸ்பகெட்டி என்றால் கத்தரிக்கோலால் நறுக்கிக்கொள்ளுங்கள். தாச்சியில் எண்ணெய் காய்ந்ததும் வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, ஒரு துண்டு றம்பை. மெல்லிதாக அரிந்த லீக்ஸ், கரட், கோவா. தீ பெரிதாகவே இருக்கட்டும். 2 முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறி, அது முழுதாக இறுகுமுன் பாஸ்தாவைப் போட வேண்டும். மேலே நேற்றைய கோழிக்கறிக் குழம்பு நாலு மேசைக்கரண்டி. ஆவி பறக்கும்வரை பிரட்டி இறக்கினால் முடிந்தது. பாஸ்தாவிலும் குழம்பிலும் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. ருசி பார்க்காமல் இன்னும் போடாதீர்கள்.

வெள்ளிக்கிழமைகளில் கோழிக்குழம்புக்கு வழியில்லை. சைவ வீடுகளில் அன்று மரக்கறி. புனித லூசியாள் பேராலயத்தைச் சுற்றியுள்ள கத்தோலிக்க வீடுகளில் தவக்கால வெள்ளிகளில் இறைச்சி இல்லை. முட்டையையும் விட்டுவிட்டு, சோயா மீட் பிரட்டலோடு போட்டால் இரு வீட்டுக்கும் பொருந்தும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கொழும்பு வெக்கையில் அவித்த பாஸ்தாவை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. பசிலஸ் சீரியஸ் என்ற கிருமி அதில் பெருகி வெளியிடும் நஞ்சு, எவ்வளவு சூடாக்கினாலும் அழியாது. 2008 இல் பெல்ஜியத்தில் 20 வயது மாணவர் ஒருவர், ஐந்து நாள் வெளியிலேயே கிடந்த ஸ்பகெட்டியைச் சூடாக்கிச் சாப்பிட்டு இறந்துபோனார். ஆறியதும் மூடி பிரிஜ்ஜில் வையுங்கள், மறுநாளே முடித்துவிடுங்கள். குழம்புக்கும் இதே கணக்குத்தான்.

2022 இல் வெற்று காஸ் சிலிண்டரோடு வரிசையில் நின்றவர்களுக்கு, ஒரு பானைத் தண்ணீர் கொதிக்க எவ்வளவு காஸ் போகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். ஒரு தரம் அவித்து இரு வேளை சாப்பிடும் பழக்கம் அந்த நாட்களில்தான் என் அடுப்படிக்கு வந்தது. அன்றிலிருந்து வேண்டுமென்றே ஒரு பிடி கூட அவிக்கிறேன்.

பாலும் சீஸும் சேர்த்த வெள்ளைப் பாஸ்தா கொத்துக்குச் சரிவராது. அதற்கு இத்தாலியின் நாப்போலி நகரத்தார் வழி காட்டுகிறார்கள்: மிஞ்சிய பாஸ்தாவை அடித்த முட்டையில் கலந்து, தட்டையான தாச்சியில் இரு பக்கமும் சிவக்கப் பொரித்து, துண்டு போட்டுக் கடற்கரைக்கு எடுத்துப் போவார்கள். நான் பச்சை மிளகாயும் இடித்த மிளகும் சேர்ப்பேன். ஞாயிறு மாலை அது எங்களோடு காலிமுகத்திடலுக்கு வரும். புல்லில் உட்கார்ந்த கையோடு தீர்ந்தும் விடும்.