கால்வலியும் நூல்வலியும்

மனிதன் ஒருவனுடைய கால்கள் எவ்வளவு வலுவைத் தர வல்லன என்பதைப் பௌதிகவியலார் அளந்து கண்டுள்ளனர். குதிரைவலு ஒன்று 746 உவாற்று. நல்ல தேகநிலை உடைய ஒருவர் துவிச்சக்கர வண்டியில் ஏறி மணிக்கணக்காக மிதிப்பாராயின் 100 உவாற்றை ஒட்டிய வலுவையே அவரிடத்து எதிர்பார்க்கலாம். பயிற்சியிற் சிறந்த ஓட்டவீரர் ஒரு மணி நேரத்துக்கு 400 உவாற்று அளவிலே தாக்குப்பிடிப்பார். சில செக்கன்களுக்கு மாத்திரம் குதிரைவலு ஒன்றைக் கடப்பார். அதன்பின் மூச்சு வாங்கும். எண்ணெய் எரித்தோடும் மிகச் சிறிய கார்களின் இயந்திரமும் இதனிலும் பன்மடங்கு வலுவுடையது. ஆகவே, கால்களை மாத்திரம் நம்பி ஓர் ஊர்தியை நிலத்தில் விரைந்தோடவும் வானில் எழவும் செய்வேன் எனப் புறப்படுபவன், மிக வறிய முதலோடு வாணிகம் தொடங்குபவனை ஒப்பான். ஒரு சதத்தையும் வீணாக்க அவனுக்கு இயலாது.

அத்தகைய வாணிகத்திலேதான் மேலைநாட்டுப் பல்கலைக்கழக மாணாக்கர் பலர் ஈடுபட்டு வருகின்றனர். அவர்தம் படைப்புகளை மனிதவலு ஊர்திகள் என்று இக்கட்டுரையிற் குறிப்பிடுவேன். 'துவிச்சக்கர வண்டி' என்ற பெயரிலே வடமொழியும் தமிழும் கலந்து கிடப்பது பற்றி எனக்கு மனக்குறை உண்டு. ஆயினும் வழக்கு வென்றபின் பண்டிதர் வழக்காடுவதிற் பயனில்லை. இவ்வூர்திகளோ இரு சக்கரம் என்ற எல்லைக்குள் அடங்குவன அல்ல. மூன்று சக்கரம் உடையன உள. சிறகு உடையன உள. நீருள் மூழ்கிச் செல்வனவும் உள.

தமிழ்ப் பண்டிதனுக்கு இதில் என்ன அக்கறை என வினவுவார் இருக்கலாம். ஊர்தியினும் அதனை ஆக்கும் முறையே என்னை ஈர்த்தது. பல்கலைக்கழக மாணாக்கன் மூன்று நான்கு ஆண்டுகளே அங்குத் தங்குகிறான். ஊர்தி ஒன்று செம்மையுறப் பத்தாண்டு வேண்டும்; சிலபோது முப்பதாண்டும் வேண்டும். ஒரு வகுப்பு வெளியேறி மறுவகுப்பு நுழையும் இடைவெளியில் அறிவு எவ்வாறு கைமாறுகிறது? முப்பது ஆண்டளவாக வகுப்பறையில் நிற்கும் எனக்கு இவ்வினா அயலார் வினா அன்று.

முதலில் நிலத்தில் ஓடுவனவற்றைப் பார்ப்போம். மிதிப்பவனுக்குப் பெரும்பகை வளியின் தடையே. வேகம் இருமடங்கானால் தடை நான்கு மடங்காகும். அதனை வெல்ல வேண்டிய வலுவோ எட்டு மடங்காகும். நிமிர்ந்திருந்து மிதிப்பவன் தன் மார்பினாலேயே வளியைத் தள்ளிச் செல்கிறான். சாய்ந்து கிடந்து கால்களை முன்னே நீட்டி மிதித்தால் அத்தடை பெரிதும் குறையும். 1933ஆம் ஆண்டில் பிரான்சிஸ் ஃபோர் என்னும் பிரெஞ்சுக்காரர், சார்ள்ஸ் மோசே என்பவர் ஆக்கிய சாய்வு வண்டியில் ஏறி ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீற்றரைக் கடந்தார். 1914 முதல் அசையாது நின்ற சாதனை, முதல் வரிசை வீரர் அல்லாத ஒருவராற் சரிந்தது. ஓட்டவீரர்களின் சர்வதேசச் சங்கம் என் செய்தது? 1934இல் இலக்கணத்தைத் திருத்தி, அது துவிச்சக்கர வண்டியே அன்று எனத் தள்ளிவிட்டது. இலக்கியங் கண்டதற்கு இலக்கணம் என்ற முறை தலைகீழாகி, இலக்கணங் காக்க இலக்கியம் துரத்தப்பட்டது. எங்கள் புலவருலகுக்கும் இது புதிய செய்தி அன்று!

அத்துறை அதன்பின் பெரிதும் உறங்கிக் கிடந்தது. அதனை எழுப்பியவர் கலிபோர்னியாவின் லோங் பீச் நகர்ப் பல்கலைக்கழகத்திற் பொறியியல் கற்பித்த செஸ்ரர் கைல் என்னும் பேராசிரியர். தம் மாணாக்கரைத் துணைக்கொண்டு வளித்தடையை அளந்துவந்த அவர், 1975இல் இர்வின்டேல் என்னும் இடத்தில் ஓர் ஓட்டப்போட்டி நடத்தினார். வண்டியின் வடிவம் பற்றி விதி இல்லை. மனிதவலு ஒன்றே அதனை உந்த வேண்டும். மறுவருடம் மனிதவலு ஊர்திகளுக்கெனச் சர்வதேசச் சங்கம் ஒன்று தோன்றியது. 1983இல் அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கம் மாணாக்கருக்கென்றே ஒரு போட்டியைத் தொடக்கிற்று. அதன் விதிகளிற் சில என் கவனத்தைக் கவர்ந்தன. மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் வரும் ஊர்தி 6 மீற்றருக்குள் நிற்றல் வேண்டும். கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் வளைசட்டம் இருத்தல் வேண்டும். இவற்றோடு, முந்தி ஓடியவனுக்கு மாத்திரம் புள்ளி வழங்கப்படவில்லை. ஊர்தியை ஏன் இவ்வாறு அமைத்தோம் என்று எழுதிக்கொடுக்கும் அறிக்கைக்கும் புள்ளி உண்டு. மூலம் இயற்றியவனே உரையும் எழுத வேண்டும் என்பது இதன் பொருள்.

எங்கள் பாடசாலைகளில் இணைந்த கணிதம் படிக்கும் பிள்ளைகள் கணக்குச் செய்வதில் எவருக்கும் இளைத்தவர் அல்லர். ஆனால் அவர்தம் கணக்குத் தாளிலே தொடங்கித் தாளிலே முடிகிறது. பரீட்சை கழிந்ததும் குறிப்பேடுகள் பழைய கடதாசியாக நிறைக்கு விற்கப்படுகின்றன. அடுத்த வகுப்பார்க்கு அவற்றால் ஆவது ஒன்றும் இல்லை. இது மாணாக்கர் குற்றம் அன்று. அடுத்தவனுக்காக எழுது என்று நாம் ஒருபொழுதும் கேட்டதில்லை.

இனி வானுக்கு வருவோம். இயந்திரம் இன்றி, தன் கால்வலியால் நிலத்தினின்றும் மனிதன் எழுந்தமை முறையாகச் சான்று பெற்றது 1961 நவம்பர் 9ஆம் நாள். இங்கிலாந்தின் சவுதாம்ப்ரன் பல்கலைக்கழக மாணாக்கர் கட்டிய வானூர்தியில் டெரெக் பிகட் என்னும் பறப்பாசிரியர் ஏறக்குறைய 64 மீற்றர் தூரம் பறந்தார். அக்காலத்தில் என்றி கிரெமர் என்பவர் அறிவித்திருந்த பரிசே பலரை இம்முயற்சிக்குத் தூண்டியது.

சிறகுடைய வானூர்தி முன்னோக்கி ஓடினால் வளி அதனைத் தாங்கும். நின்ற நிலையிலேயே மேலெழும் உலங்கு வானூர்திக்கு அச்சலுகை இல்லை. 1980இல் அமெரிக்க உலங்கு வானூர்திச் சங்கம் சிக்கோர்ஸ்கி பரிசை அறிவித்தது. மனிதவலுவால் எழுந்து, 60 செக்கன் வானில் நின்று, இடையில் ஒருமுறையேனும் 3 மீற்றர் உயரத்தைத் தொட்டு, 10 மீற்றர்ச் சதுரத்தை விட்டு விலகாமல் இறங்க வேண்டும். வாசிக்க எளிதாகத் தோன்றும் இவ்விதி முப்பத்து மூன்று ஆண்டு எவருக்கும் வசப்படவில்லை. கலிபோர்னிய மாணாக்கர் ஆக்கிய மூன்றாம் 'டாவின்சி' 1989 டிசெம்பரில் 7.1 செக்கன் நின்றது. எழுந்த உயரம் ஒரு சாண் அளவு. யப்பானிய நிகொன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அகிரா நைற்றோ அமைத்த 'யூரி' 1994இல் 19.46 செக்கன் நின்றது. உயரம் மீண்டும் ஒரு சாணே. நைற்றோவின் ஊர்தியில் நான்கு மூலைகளில் நான்கு சுழல்விசிறிகள் இருந்தன.

உயரம் ஏன் கைகூடவில்லை? நிலத்தை ஒட்டி நிற்கும்போது விசிறி தள்ளும் வளி நிலத்திலே தடைப்பட்டுத் தாங்குதல் செய்யும். அங்கே குறைந்த வலு போதும். மேலே செல்லச் செல்ல அத்தாங்குதல் கழன்றுவிடும். வலு குறைவானவன் பெருங்காற்றை மெல்லத் தள்ள வேண்டுமேயன்றிச் சிறுகாற்றை வேகமாகத் தள்ளுதல் ஆகாது. எனவே விசிறி மிகப் பெரிதாதல் வேண்டும். பெரிதானால் நிறை ஏறும். நிறையைக் குறைத்தால் உடையும்.

பரிசுத்தொகை 2009இல் 2 இலட்சத்து 50 ஆயிரம் டொலராக உயர்ந்தபோது இரு கூட்டத்தார் களத்தில் நின்றனர். ஒன்று அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழக மாணாக்கர் அணி. அப்பல்கலைக்கழகத்தின் சின்னம் ஆமை. ஆதலின் யப்பானியத் திரைப்படத்திற் பறக்கும் பேராமையின் பெயரான 'கமேரா' என்பதைத் தம் ஊர்திக்கு இட்டனர். 2011 மே மாதத்தில் யூடி வெக்ஸ்லர் என்னும் மாணவி அதனைச் சில செக்கன் நிலத்தினின்றும் எழுப்பினார். அடுத்த ஆண்டில் அதன் வழித்தோன்றல் 60 செக்கனைத் தாண்டிற்று. உயரமும் நேரமும் ஒரே பறப்பில் ஒன்றுகூடவில்லை என்பதே அவர்க்கு நேர்ந்த இடர்.

மற்றையோர், நம்மவர் பெருந்தொகையினராகக் குடியேறியுள்ள ரொறன்ரோ நகரத்தினர். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் யேம்ஸ் டெலோரியர் என்னும் பேராசிரியர் பறவைபோற் சிறகடித்துப் பறக்கும் ஊர்தியைப் பல்லாண்டு ஆராய்ந்தவர். அவருடைய இயந்திர ஊர்தி 2006இல் 14 செக்கன் பறந்தது. அதற்கும் ஒரு துணை இயந்திரத்தின் உந்துதல் வேண்டியிருந்தது. அந்த ஆசிரியரின் அறிவுரையைத் துணையாகக் கொண்டு, ரொட் றைகேர்ட், கமரன் றொபேட்சன் முதலிய மாணாக்கர் இயந்திரத்தையே நீக்கி, மிதிப்பதால் சிறகடிக்கும் 'பனிப்பறவை' என்னும் ஊர்தியைக் கட்டினர். 2010 ஓகஸ்ட் 2ஆம் நாள் அது 19.3 செக்கன் பறந்து 145 மீற்றரைக் கடந்தது. மிதித்தவர் றைகேர்ட். கணக்குப் போட்ட தலையும் மிதித்த காலும் ஒருவருடையனவாய் இருந்தமை இங்கு நோக்கத்தக்கது. தாளிலே பிழைவிட்டால் தன் தொடையே நோகும் என்று அறிந்தவன் போடும் கணக்கு வேறு வகையானது.

அவ்விருவரும் பட்டம் பெற்ற பின்னர்த் தனி அணி அமைத்து, கோடை விடுமுறைகளிற் பல்கலைக்கழக மாணாக்கரைச் சேர்த்துக்கொண்டு, 'அற்லஸ்' என்னும் உலங்கு வானூர்தியைக் கட்டினர். ஒவ்வொரு விசிறியும் ஏறக்குறைய 20 மீற்றர் விட்டமுடையது. முழு ஊர்தியின் நிறையோ 55 கிலோகிராம் அளவே. மிதிப்பவரின் நிறையினும் குறைவு. நான்கு மூலை, நான்கு விசிறி என்ற அமைப்பு யப்பானியருடையது. நன்னூலார் நூல்களை முதல், வழி, சார்பு என வகுப்பார். அம்முறையிற் கூறுவதாயின் 'யூரி' முதனூல்; 'கமேரா'வும் 'அற்லஸ்'ஸும் அதன் வழிநூல்கள். வழிநூல் செய்வோன் முதனூலை மதித்தே வேண்டிய விகற்பம் கூறுவான். இவர்களும் அதனையே செய்தனர்.

நூல் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 'அற்லஸ்'ஸின் மிதிகட்டையிலிருந்து விசிறிக்கு வலுவைக் கொண்டுசென்றது இரும்புச் சங்கிலி அன்று. மெல்லிய வலிய நூலே. விசிறிகளின் அச்சிற் சுற்றப்பட்டிருந்த நூலை மிதிப்பவர் தம்மிடத்துள்ள உருளையில் இழுத்துச் சுற்றச் சுற்ற, அச்சிலே நூல் கழன்று விசிறி சுழலும். பம்பரம் விட்ட பிள்ளைகளுக்கு இது விளக்க வேண்டாத செய்தி. நூல் தீர்ந்தால் பறப்பும் தீர்ந்தது. நிறையைக் குறைக்கக் கண்ட வழி இது. நூல் நூற்கும் தொழிலையும், மரத்தின் கோணலைத் தீர்க்கும் தச்சனுடைய நூலையும் உவமையாக்கியே எங்கள் இலக்கணகாரர் ஏட்டு நூலை விளக்கினர். அவர்கள் இந்நூலைக் கண்டிருந்தால் மூன்றாவது உவமை ஒன்றும் கிடைத்திருக்கும்.

சோதனைப் பறப்புகளில் 'அற்லஸ்' உடைந்து வீழ்ந்தது. குழாய்களையும் சிறகுகளையும் பொறுக்கியெடுத்து மீண்டும் கட்டினர். 2013 யூன் 13ஆம் நாள், ரொறன்ரோவுக்கு வடக்கேயுள்ள வோன் நகரத்து உள்ளக உதைபந்தாட்ட அரங்கில் றைகேர்ட் மீண்டும் ஏறினார். முதற் செக்கன்களிற் குதிரைவலு ஒன்றுக்கும் மேலான வலுவைச் செலுத்தி 3.3 மீற்றர் உயரத்தை எட்டினார். பின்னர் உடலைச் சாய்த்துச் சாய்த்து இடம்பெயராமற் காத்து மெல்ல இறங்கினார். ஊர்தி நிலத்தைத் தொட்டபோது 64.11 செக்கன் கழிந்திருந்தது. யூலை மாதத்திற் பரிசு அவர்களுடையதாயிற்று.

இதனாற் பயன் யாது என்று கேட்பார்க்கு நான் மழுப்பி விடை கூற விரும்பவில்லை. அவ்வூர்தியில் எவரும் சந்தைக்குச் செல்லப்போவதில்லை. கீழைத்தேயக் கல்லூரியில் யாப்பிலக்கணம் கற்பிக்கும் என்னையும் இதே வினா பல ஆண்டாகத் தொடர்ந்து வருகிறது. வெண்பாவிலும் எவரும் சந்தைக்குச் செல்வதில்லை. ஆயினும் தளை தட்டாமல் ஒரு வெண்பாவை முடித்த பிள்ளையின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். ஒரு சொல்லும் மிகையாகாமல் அடுக்கக் கற்றவன் பிறிதொரு வேலையிலும் மிகையைக் கண்டால் முகஞ்சுளிப்பான். 55 கிலோகிராமில் ஊர்தி கட்டியவர்களும் அவ்வாறே.

வானிலிருந்து அவர்கள் மீண்டும் நிலத்துக்கு வந்தமையே இதற்குச் சான்று. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலுள்ள பற்றில் மவுன்ரன் என்னும் சிற்றூரின் புறத்தே நேரான நெடுஞ்சாலை ஒன்று உண்டு. அங்கே ஏறக்குறைய 8 கிலோமீற்றர் தூரம் மிதித்து வேகம் கூட்டி, இறுதி 200 மீற்றரில் வேகத்தை அளப்பர். 2013 செப்டெம்பரில் நெதர்லாந்தின் டெல்வ்ற், அம்ஸ்ரர்டாம் பல்கலைக்கழக மாணாக்கர் ஆக்கிய ஊர்தியில் செபஸ்ரியன் போவியர் மணிக்கு 133.78 கிலோமீற்றர் வேகம் கண்டார். அதுவரை நின்ற சாதனையை அவர் வென்றது அரைக் கிலோமீற்றரால் மாத்திரமே. பின்னர் ரொறன்ரோ அணியினர் 'ஈற்றா' என்னும் ஊர்தியோடு வந்தனர். பொறியியலார் வினைத்திறனைக் குறிக்க வழங்கும் கிரேக்க எழுத்தின் பெயர் அது. மிதித்தவர் அதே றைகேர்ட். 2015இல் 139.45 கிலோமீற்றர், 2016 செப்டெம்பரில் 144.17 கிலோமீற்றர். எங்கள் நாட்டு அதிவேக நெடுஞ்சாலையில் மோட்டர் வாகனத்துக்கு விதித்த எல்லையே 100 கிலோமீற்றர்தான்.

'ஈற்றா' முட்டை வடிவான மூடிய கூடு. வளி வழுக்கிச் செல்வதற்காக அதற்குக் கண்ணாடிச் சாளரமும் வைக்கவில்லை. உள்ளே கிடப்பவர் கமராவின் திரையைப் பார்த்தே பாதையை அறிவார். மூடியின் விளிம்பை நாடா ஒட்டி அடைத்துவிடுவர். நிலத்திற் காலூன்ற அவருக்கு வழியில்லை. புறப்படும்போது தோழர்கள் பிடித்துத் தள்ளிவிட வேண்டும். ஓட்டம் முடியும் இடத்திலும் தோழர்கள் காத்திருந்து, வேகம் தணிந்து வரும் அக்கூட்டை ஓடிச்சென்று பற்ற வேண்டும்.