வளாக வாசல் – 9: 120 கிரெடிட், 6000 மணித்தியாலம்

இசட் புள்ளி, வெட்டுப்புள்ளி, மாவட்டக் கோட்டா எல்லாவற்றையும் கடந்த வாரத்தோடு முடித்துக்கொண்டோம். 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, மிச்சம் 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. அந்த 16 மாவட்டங்களுள் திருகோணமலையும் ஒன்று. உயர்தரத்தில் கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் படித்த லிங்கநகர்ப் பிள்ளை ஒன்று இத்தனையையும் தாண்டி முகாமைத்துவப் பட்டப்படிப்புக்குத் தெரிவாகிவிட்டது என்று வைப்போம். இனி அந்தப் பட்டம் கைக்கு வர என்னென்ன வேண்டும்?

"கம்பஸ் கிடைச்சிட்டுது, இனி என்ன, பாஸாகி வந்திடுவாள்" என்பதுதான் நம் வீடுகளில் கேட்கும் பேச்சு. பதின்மூன்று வருடம் பிள்ளையோடு சேர்ந்து கண்விழித்த தாய்தகப்பன் அப்படி ஆறுதல் மூச்சு விடுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வீட்டின் துணை இதற்குப் பிறகுதான் கூடுதலாகத் தேவைப்படுகிறது. அதைச் சொல்லத்தான் இந்த வாரக் கட்டுரை.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் உப்புவெளி கடந்து நிலாவெளிப் பக்கம், கோணேசபுரியில் இருக்கிறது. 2001 இல் வளாகமாகத் தரமுயர்ந்தது. தொடர்பாடல் வணிகக் கற்கைகள் பீடம் அங்கேதான். மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் இந்தக் கற்கைநெறியை 'முகாமைத்துவக் கற்கைகள் (ரி.வி.)' என்று தேட வேண்டும். ரி என்றால் திருகோணமலை, வி என்றால் வவுனியா. விண்ணப்பம் நிரப்பும்போது இதைச் சாதாரண 'முகாமைத்துவம்' என்ற நெறியோடு குழப்பிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. இரண்டும் வேறு.

உள்ளே போனதும் கையில் கிடைக்கும் கைநூலில் முதலில் கண்ணில் படும் எண் 120. நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120 கிரெடிட், மூன்று வருடப் பட்டத்துக்கு 90. இது ஒரு பல்கலைக்கழகம் தனக்கென்று வைத்துக்கொண்ட கணக்கு அல்ல. இலங்கைத் தகைமைகள் சட்டகம் நாடு முழுவதற்கும் வகுத்த கணக்கு. அந்தச் சட்டகத்தில் சிறப்புப் பட்டம் ஆறாம் மட்டம், பொதுப் பட்டம் ஐந்தாம் மட்டம்.

ஒரு கிரெடிட் என்றால் என்ன என்று கேட்டால் பெரும்பாலான மாணவர்கள், ஏன், இரண்டாம் வருட மாணவர்கள்கூட, "பதினைந்து மணித்தியால லெக்சர்" என்பார்கள். பாதிதான் சரி. சட்டகத்தின்படி ஒரு கிரெடிட்டுக்கு ஒரு சாதாரண மாணவர் செலவிட வேண்டியது 50 மணித்தியாலம். விரிவுரை மண்டபத்தில் கழிவது 15 என்றால், மிச்சம் 35 மணித்தியாலம் வெளியே. வாசிப்பு, அசைன்மென்ட், குழுவேலை, பரீட்சைக்கான ஆயத்தம் எல்லாம் அதற்குள் அடங்கும். மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்கு வகுப்பில் 45, சொந்தமாக 105. 120 கிரெடிட்டுக்குக் குறைந்தது 6000 மணித்தியாலம்.

இதை ஒரு வாரத்துக்குச் சுருக்கிப் பார்க்கலாம். ஒரு செமஸ்டருக்கு 15 கிரெடிட், 15 வாரம். அப்படியானால் வாரத்துக்கு 50 மணித்தியாலம். அதில் 15 மட்டுமே நேரசூசியில் தெரியும். நேரசூசியைப் பார்க்கும் வீட்டார், "செவ்வாய் பின்னேரம் ஃப்ரீதானே, வியாழன் முழுக்க ஃப்ரீதானே" என்று எண்ணிவிடுகிறார்கள். அந்த 'ஃப்ரீ' நேரத்துக்குள்தான் பட்டத்தின் பத்தில் ஏழு பங்கு கிடக்கிறது.

லிங்கநகரிலிருந்து கோணேசபுரிக்குத் தினமும் வீட்டிலிருந்தே போய்வரலாம். ஹொஸ்டல் காசு இல்லை, சாப்பாட்டுக் கடைக் கடன் இல்லை. மகாபொலவோ பர்சரியோ கிடைத்தால் அது பஸ்ஸுக்கும் போட்டோகொப்பிக்கும் போதும். கொழும்பு, ஜயவர்தனபுர என்று போகிறவர்களைவிட இது பெரிய வாய்ப்பு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் வீட்டில் இருக்கிற பிள்ளையிடம் வீட்டு வேலையும் வந்து சேர்கிறது. கடையில் ஒருக்கால் நில், தம்பியை ரியூசனுக்குக் கூட்டிக்கொண்டு போ, அம்மம்மாவைக் கிளினிக்கில் காட்டு, கலியாண வீட்டுக்கு இரண்டு நாள் முன்னமே போ. ஆண்பிள்ளையிடம் இவற்றில் ஒன்றைக் கேட்கும் வீடு பெண்பிள்ளையிடம் நாலைக் கேட்கிறது. ஹொஸ்டலில் இருக்கிறவளுக்குக் குறைந்தபட்சம் அந்த 35 மணித்தியாலமும் சொந்தமாக இருக்கிறது. லிங்கநகரில் இருக்கிறவள் அதை ஒவ்வொரு நாளும் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. ஒரு மேசை, ஒரு விளக்கு, இரவு ஏழு மணிக்குப் பிறகு யாரும் கூப்பிடாத மூன்று மணித்தியாலம்: இவ்வளவையும் தயவுசெய்து கொடுங்கள். இதற்குக் காசு தேவையில்லை.

வீட்டுக்குத் தெரியாத இன்னொரு பாரமும் இருக்கிறது. பதின்மூன்று வருடம் தமிழில் படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு இங்கே பாடம் ஆங்கிலத்தில். ஐந்தொகையைக் கண்ணை மூடிக்கொண்டு சமப்படுத்தக்கூடிய பிள்ளை அது. பெறுமானத் தேய்வும் ஐயக்கடன் ஏற்பாடும் அதற்குத் தண்ணீர்பட்ட பாடு. உயர்தரத்தில் கணக்கீட்டுக்கு 'ஏ' எடுத்த கை. முதலாம் செமஸ்டர் வினாத்தாளில் அதே கணக்கு முக்கால் பக்க ஆங்கிலப் பந்தியாக வருகிறது. பந்தியை வாசித்து, எது தரவு, எது கேள்வி என்று பிரித்தெடுப்பதற்குள் அரை மணித்தியாலம் போய்விடும். கணக்கு தெரியாமல் அல்ல, நேரம் போதாமல் 'சி' வாங்குகிறது. ஒருவருக்கு 35 மணித்தியாலம் பிடிக்கும் வாசிப்பு இந்தப் பிள்ளைக்கு முதல் வருடத்தில் 50 கூடப் பிடிக்கலாம். இதற்குக் கிரெடிட் யாரும் தருவதில்லை.

அதனால்தான் உயர்தரப் பரீட்சைக்கும் வளாகம் தொடங்குவதற்கும் இடையில் விழும் நீண்ட காத்திருப்பை வீணாக்க வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஏ.ஏ.ரி. படிப்பது நல்லது, கணினி பழகுவது நல்லது. எல்லாவற்றுக்கும் முன்னால், ஆங்கிலத்தில் ஒரு கணக்கியல் பாடநூலை எடுத்து, தெரிந்த கணக்குகளையே அந்த மொழியில் திரும்பச் செய்து பழகட்டும். பேச்சு ஆங்கில வகுப்பைவிட இது இந்தப் படிப்புக்கு உடனே உதவும்.

முதல் செமஸ்டர் பெறுபேறு வந்ததும் அழுகிற பிள்ளைகளுக்காக ஒரு கணக்கு. 'பி' என்றால் 3.0, 'பி மைனஸ்' 2.7, 'சி பிளஸ்' 2.3, 'சி' 2.0. ஐந்து பாடத்தில் இரண்டு பி, ஒரு பி மைனஸ், ஒரு சி பிளஸ், ஒரு சி எடுத்தால் ஜி.பி.ஏ. 2.60. சித்திக்கு 2.00 போதும். ஆனால் இரண்டாம் வகுப்புக் கீழ்ப்பிரிவுக்கு 3.00, மேற்பிரிவுக்கு 3.30, முதலாம் வகுப்புக்கு 3.70 வேண்டும். எட்டு செமஸ்டருக்கும் ஒரே நிறை என்று கொண்டால், 2.60 உடன் தொடங்கியவர் மிச்ச ஏழிலும் சராசரியாக 3.06 எடுத்தாலே 3.00 ஐத் தொட்டுவிடலாம். ஒரு வருடம் முழுக்க 2.60 இல் நின்றால் பிறகு 3.13 தேவை. இரண்டு வருடம் அப்படியே போனால் மிச்ச இரண்டு வருடமும் 3.40. முதல் செமஸ்டரின் சறுக்கல் ஒன்றும் பெரிதல்ல, இரண்டாம் வருடம் வரை அதை இழுத்துக்கொண்டு போவதுதான் ஆபத்து. விழுந்த பாடத்தைத் திரும்ப எழுதும்போது எவ்வளவு நன்றாகச் செய்தாலும் பல பீடங்களில் 'சி'க்கு மேல் தரமாட்டார்கள் என்பதையும் மனதில் வைத்திருங்கள்.

கடைசி வருடத்து ஆய்வைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். ஆய்வுக்கும் தொழிற்பயிற்சிக்கும் சட்டகத்தில் ஒரு கிரெடிட் குறைந்தது 100 மணித்தியாலம். ஆறு கிரெடிட் ஆய்வு என்றால் 600. இவ்வளவு நேரத்தைக் கொட்டி, முந்தைய வருட அண்ணாக்கள் கொடுத்த வினாக்கொத்தில் வங்கியின் பெயரை மட்டும் மாற்றி, 'வாடிக்கையாளர் திருப்தி' என்று ஒப்படைப்பது எனக்குத் தாங்கவே முடியாத விடயம். துறைமுகப் பட்டினத்தில் இருந்துகொண்டு கேள்விக்கா பஞ்சம்? சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளில் 99 ஐப் பங்கிட்டு 2022 ஜனவரியில் ஒப்பந்தம் ஆனது. 61 கூட்டு நிறுவனத்துக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 லங்கா ஐ.ஓ.சி.க்கு. இதனால் இந்த ஊர்க்காரருக்கு எத்தனை வேலை, எந்த மட்டத்தில், என்ன தகைமைக்கு? பிரீமா மா ஆலையையும் ரோக்கியோ சீமெந்து ஆலையையும் நம்பி ஓடும் லொறிக்காரர்கள் எப்படிக் கடன் எடுக்கிறார்கள்? நிலாவெளி விடுதிகளில் கடல் கொந்தளிக்கும் மாரிகாலத்தில் ஊழியருக்குச் சம்பளம் எப்படி நடக்கிறது? கரையில் விற்ற மீனின் விலை கொழும்புக்குப் போய்ச் சேர்வதற்குள் யார் யார் கையில் எவ்வளவு ஏறுகிறது? லிங்கநகர்ப் பிள்ளைக்கு இந்தக் கதவுகளைத் தட்ட ஒரு சித்தப்பாவோ மாமாவோ இருப்பார். கொழும்பில் படிக்கிறவருக்கு அந்த வசதி இல்லை. ஆங்கிலத்தில் பின்தங்கித் தொடங்கிய பிள்ளை முன்னால் போக இதைவிட நல்ல இடம் கிடைக்காது. மூன்றாம் வருடத்திலேயே கேள்வியை எடுத்து, மேற்பார்வையாளரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

வரவு விடயம் ஒன்று மிச்சம். பொதுவாக ஒரு பாடத்துக்கு 80 வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சைக்கு இருக்க விடமாட்டார்கள். 45 மணித்தியாலத்தில் 36 கட்டாயம். வாரம் ஒருமுறை மூன்று மணித்தியாலம் நடக்கும் பாடம் என்றால் மூன்று நாள் தவறலாம், நான்காம் நாள் தவறினால் சிக்கல். சீசன் காலத்தில் விடுதி வேலைக்குப் போகிறவர்களும், கோயில் திருவிழாவுக்கு நிற்கிறவர்களும் இதை நாட்காட்டியில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். உண்மையிலேயே நோய் வந்தால் மருத்துவச் சான்றிதழை உரிய நாளுக்குள் பீட அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தைப் பிரதியில் வாங்கிவையுங்கள். செமஸ்டர் முடிவில் வாய்ச்சொல் செல்லாது.

அடுத்த வாரம்: தொழிற்பயிற்சிக்கு நிறுவனம் தேடுவது.

(தொடரும்)