அப்பா உட்கார்ந்த மரம்!

நமக்கு மான்னா எது? ஐ.ஐ.டி. மெட்ராஸ் கேம்பஸ்ல சைக்கிளுக்குக் குறுக்கே வந்து நின்னு முறைக்குமே... அந்தப் புள்ளிமான்! அது மேல கை வெச்சா, 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் நம்மைக் கம்பி எண்ண வெச்சுடும். அதனால, 'செத்துப்போன அப்பாவை நினைச்சுக்கிட்டு மகன் மான் வேட்டைக்குப் போறான்'னு சொன்னா, 'என்ன பாஸ் லாஜிக் இது?'ன்னுதான் கேப்பீங்க. கேளுங்க... ஆனா, முழுசா படிச்சுட்டுக் கேளுங்க!

இடம், அமெரிக்காவின் வடக்கு ஓரத்துல இருக்கற விஸ்கான்சின் மாநிலம். நவம்பர் மாசத்தோட நாலாவது வியாழன் அவங்களுக்கு 'தேங்க்ஸ்கிவிங்' பண்டிகை. அதுக்கு முந்தின சனிக்கிழமை துப்பாக்கி சீஸன் தொடங்கும். மொத்தமே ஒன்பது நாள்தான். அந்த ஒன்பது நாளுக்காக லைசென்ஸ் வாங்கறவங்க ஐந்து லட்சத்துக்கும் மேல! பொங்கலுக்கு ஊருக்குப் போற நம்ம ஜனங்க மாதிரி, அவங்க வெள்ளிக்கிழமை ராத்திரியே காட்டுக்குள்ள இருக்கற மரவீட்டுக்குக் கிளம்பிடுவாங்க. தாத்தா, அப்பா, சித்தப்பா, பசங்கனு மூணு தலைமுறை ஒரே கூரைக்குக் கீழ. ராத்திரி 'ஷீப்ஸ்ஹெட்'னு ஒரு சீட்டாட்டம். விடியறதுக்கு முன்னாடி ஆளுக்கொரு மரம்.

நீங்க அங்கே பிறந்திருந்தா எப்படி இருக்கும்? முன்னெல்லாம் 12 வயசு ஆனாதான் துப்பாக்கியைத் தொட முடியும். 2009-ல அனுபவசாலி ஒருத்தர் பக்கத்துலயே இருந்தா 10 வயசு போதும்னாங்க. 2017-ல வயசு வரம்பையே தூக்கிட்டாங்க (இது எனக்குக் கொஞ்சம் ஓவராத்தான் படுது!). பக்கத்துல இருக்கற அந்த அனுபவசாலி பெரும்பாலும் யாரு? அப்பாதான்.

அப்பா அன்னிக்கு சொல்லித் தர்றது சுடறதைப் பத்தி ரொம்பக் கம்மி. சும்மா இருக்கறதைப் பத்திதான் ஜாஸ்தி. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுனு பாரு, உன் வாடை மான் பக்கம் போகக்கூடாது. காலை ஆட்டாதே. காய்ஞ்ச இலைச் சருகு மேல 'சரக் சரக்'னு பெருசா சத்தம் வந்தா, பத்துக்கு ஒன்பது தடவை அது அணில். உறுதியாத் தெரியலைனா சுடாதே. சுட்டதும் ஓடாதே, அரை மணி நேரம் உட்காரு. அடிபட்ட மான் துரத்தலைனா பக்கத்துலயே படுத்துக்கும், துரத்தினா ஊரெல்லாம் ஓடி வலியில சாகும்.

யோசிச்சுப் பாருங்க. மொபைல் கிடையாது, டி.வி. கிடையாது, பேச்சும் கிடையாது. ஒரு அப்பாவும் பிள்ளையும் மணிக்கணக்கா பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்திருக்காங்க. நம்மள்ல எத்தனை பேர் அப்பாகூட அப்படி ஒரு நாள் உட்கார்ந்திருக்கோம்? 'சாப்பிட்டியா, ஃபீஸ் கட்டியாச்சா'வோட முடிஞ்சுபோகுது நம்ம டயலாக்.

அதனாலதான் அப்பா இறந்த பிறகு வர்ற முதல் சீஸன் அங்கே பெரிய விஷயம். கல்லறைக்குப் பூ வைக்கறதைவிட, அவர் உட்கார்ந்த மரத்துல போய் உட்கார்றதுதான் அஞ்சலி. பலகையை அடிச்சது அவர். கையில இருக்கற துப்பாக்கியும் அவரோடதுதான். அனேகமா பழைய 'வின்செஸ்டர் 94'. 1894-ல வந்த மாடல், 70 லட்சத்துக்கும் மேல வித்திருக்கு. தாத்தா, அப்பா, மகன்னு கை மாறுறது சகஜம்.

கோட்டு மட்டும் கொஞ்சம் சிக்கல். அந்தக் காலத்து வேட்டைக்காரங்க போட்டது சிவப்புக் கட்டம் போட்ட கம்பளிக் கோட்டு. 1980-ல பளீர் ஆரஞ்சு கட்டாயமாச்சு. மரத்துக்கு நடுவுல மனுஷனை மான்னு நினைச்சு யாரும் சுட்டுடக் கூடாதுனு. அதனால அப்பாவோட, தாத்தாவோட சிவப்புக் கோட்டை உள்ளே போட்டுக்கிட்டு, மேல ஆரஞ்சு மாட்டிக்கறவங்க உண்டு. 2016 வரைக்கும் முதுகுல ஒரு நம்பர் சீட்டும் குத்திக்கணும். ஒவ்வொரு வருஷத்து சீட்டையும் மரவீட்டுச் சுவத்துல ஆணி அடிச்சு மாட்டி வெச்சிருப்பாங்க. அப்பாவோட வரிசை எந்த வருஷத்தோட நின்னுபோச்சுனு அந்தச் சுவரே சொல்லிடும்.

இதுல ஒரு கோஷ்டி இன்னும் ஒரு படி மேல போச்சு. 2011-ல அலபாமா மாநிலத்துல, வன உயிரின அதிகாரிகள் ரெண்டு பேர் சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க. என்ன வியாபாரம்? தகனம் பண்ணின சாம்பலைத் தோட்டாவுக்குள்ள அடைச்சுத் தர்றது! நாம காவிரியில கரைக்கிறோம், அவங்க காட்டுல வெடிக்கறாங்க. படிச்சப்போ எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைச்சது.

'சரி, ஆனா ஒரு உயிர் போகுதே?' கரெக்ட். இந்தக் கேள்வியை அங்கேயே கேட்ட ஒருத்தர் இருக்கார்... ஆல்டோ லியோபோல்ட். விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர், சுற்றுச்சூழல் சிந்தனையோட முன்னோடி. அவரும் வேட்டைக்காரர்தான்! கத்துக்கொடுத்தது அப்பா கார்ல். வசந்த காலத்துல பறவைங்க குஞ்சு பொரிக்கப் போற நேரம் சுடறது தப்புனு, சட்டம் சொல்றதுக்கு முன்னாடியே தானா நிறுத்திக்கிட்டவர் கார்ல். யாரும் பார்க்காத காட்டுல, கையில துப்பாக்கியோட நிக்கறப்போ எங்கே நிறுத்தணும்னு மகன் கத்துக்கிட்டது அந்த அப்பாகிட்டதான். ஓநாய்களைக் கொன்னு தீர்த்தா மான் பெருகும், மான் பெருகினா செடி கொடியெல்லாம் மொட்டையாகும், கடைசியில மானே பட்டினியில சாகும்னு லியோபோல்ட் பின்னாடி விளக்கினார். அந்த வாதத்தை நீங்க ஒத்துக்கலாம், ஒத்துக்காமலும் போகலாம். சைவக்காரங்க நிச்சயம் ஒத்துக்க மாட்டீங்க!

1948 ஏப்ரல்ல, பக்கத்துப் பண்ணையில பிடிச்ச தீயை அணைக்கப் போன இடத்துல மாரடைப்பு வந்து லியோபோல்ட் இறந்தார். அவரோட புத்தகத்தை வெளியிட பதிப்பகம் சம்மதிச்சு ஒரே வாரம்தான் ஆகியிருந்தது. மகன் லூனா அந்தக் கையெழுத்துப் பிரதியைச் சீர்பண்ணி 1949-ல புத்தகமா கொண்டுவந்தார். 'எ சேண்ட் கவுன்ட்டி அல்மனாக்'. அதுக்குள்ள தாத்தா கார்ல் போட்ட வேட்டை விதியும் இருக்கு.

இப்போ அங்கே நிலவரம் கொஞ்சம் டல். 2002-ல மான்களுக்கு மூளையைத் தின்னுற ஒரு நோய் விஸ்கான்சின்ல கண்டுபிடிக்கப்பட்டது. அந்த வருஷமே லைசென்ஸ் விற்பனை சரிஞ்சது. முன்னே சுட்ட மானை வண்டியில போட்டு, பெட்ரோல் பங்க்குக்கோ பாருக்கோ கொண்டுபோய்ப் பதிவு பண்ணணும். ஊரே கூடி வேடிக்கை பார்க்கும். 2015-லேர்ந்து போன்லயும் இணையத்துலயும் பதிவு. வேலை சுலபம்தான். ஆனா, 'இது யாரு... அவர் பையனா?'ன்னு கேக்க அங்கே ஆள் இல்லை.

அப்பாவோட மரத்துல ஏறின பையன் முதல் வருஷம் பெரும்பாலும் வெறுங்கையோட வந்தாலும் யாரும் கிண்டல் பண்றதில்லை. கொம்பு மான் கண்ணெதிர்ல வந்தும் சுடாம விட்டேன்னு சொல்றவங்களும் உண்டு. ஏன்னு கேட்டா பதில் வராது.

வீட்டுக்கு வந்தா இன்னொரு சோதனை இருக்கு. அங்கே மான் கறியை வெள்ளைத் தாள்ல சுத்தி, மேல பேனாவால என்ன கறி, எந்த வருஷம்னு எழுதி ஃப்ரீசர்ல அடுக்கி வைப்பாங்க. அப்பா போன பிறகு ஃப்ரீசரைத் திறந்தா, அவர் கையெழுத்தோட ஒரு பொட்டலம் மீதி இருக்கும். சமைச்சுடலாம்னு அம்மா சொல்வாங்க. எடுத்து மேஜை மேல வைப்பாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, பனி உருகறதுக்குள்ள, அவங்களே திரும்ப உள்ளே வெச்சுடுவாங்க.