மலைக்கோட்டை உச்சியில் ஒரு ராடார்

திருச்சி உச்சிப் பிள்ளையார் கோயிலில் நின்று வடக்கே பாருங்கள். காவிரிக்கு அப்பால் இடப்புறம் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரமும் வலப்புறம் திருவானைக்காவல் கோபுரமும் தெரியும். நம் பார்வையில் இரண்டுக்கும் இடைக்கோணம் ஏறக்குறைய 30 பாகை. இங்கே ஒரு ராடாரை வைப்பதாகக் கற்பனை செய்வோம்.

எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு ராடார் தொலைவைக் கணிக்கிறது. திசையை அறிய அலைக்கற்றை ஒடுங்கியிருக்க வேண்டும். அலைநீளத்தை ஆன்டெனாவின் விட்டத்தால் வகுத்து 70 ஆல் பெருக்கினால், கற்றையின் விரிவு பாகையில் கிடைக்கும். 8.5 மீட்டர் கிண்ணத்திலிருந்து 10 செ.மீ. நுண்ணலை ஒரு பாகைக்கும் குறைவாகவே விரியும். 10 மீட்டர் அலையோ 80 பாகைக்கு மேல் விரிந்து, எந்தக் கோபுரம் எத்திசையில் என்றே சொல்லாது! அதை அதே அளவு ஒடுக்க 850 மீட்டர் கிண்ணம் வேண்டும். ஸ்ரீரங்கம் கோயிலின் வெளிமதிலுக்குள்ளும் அது அடங்குமா என்பது சந்தேகமே.

1930-களில் பிரிட்டன் தன் கடற்கரையில் நிறுவிய ராடார்களின் அலைநீளம் சுமார் 12 மீட்டர். அவற்றின் கம்பங்கள் 360 அடி உயரம். நம் ராஜகோபுரமோ 236 அடிதான். 1940-இல் ராண்டாலும் பூட்டும் ஆக்கிய மாக்னெட்ரான்தான் 10 செ.மீ. அலையை வலுவாகத் தந்தது.

ஒளி இன்னும் குறுகிய அலைதானே, அது ஆகாதா? மேகம் மறைத்துவிடும். 3 செ.மீ. அலையைக்கூடக் கனமழை வழியிலேயே நலிவடையச் செய்கிறது. 10 செ.மீ. அலை மழையை ஊடுருவிச் செல்லும். துளிகளிலிருந்து சிறு எதிரொலியும் தரும். 2002-இல் சென்னையில் அமைந்த டாப்ளர் வானிலை ராடார் இவ்வகையே. 1977 நவம்பரில் திருச்சியை வெள்ளக்காடாக்கியது போன்றதொரு புயல் வந்தால், அதன் மையம் வங்கக் கடலில் எங்கே, எப்பக்கம் நகர்கிறது என்பதை மழைத்திரைக்கு அப்பாலும் இது காண முடியும்.